எட்டாத பிளக்கிற்கு ஓர் எளிய கருவி

இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். என் அப்பா ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டவர், வேன் ஓட்டுகிறார். பழனி மலையடிவாரத்துத் தோட்டங்களில் விடியுமுன் தக்காளியும் முருங்கையும் ஏற்றி, ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் கொண்டுபோய் இறக்குவது அவருடைய தொழில். வண்டி பழைய பெட்ரோல் வண்டி. மூன்று சிலிண்டர் என்ஜின், முன் இருக்கைக்கு அடியில் உட்கார்ந்திருக்கும். இருக்கையைத் தூக்கினால் முதல் இரண்டு ஸ்பார்க் பிளக்குகள் கண்ணுக்குத் தெரியும். மூன்றாவது தெரியாது. அது பின்பக்கத் தகட்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும். பக்கவாட்டில் ஒரு கை மட்டும் நுழைய வழி உண்டு. அந்த ஒரு பிளக்கிற்காக நான் செய்த ஒரு சிறு கருவியைப் பற்றியதே இக்கட்டுரை.

கருவி பிறந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். அதில் எனக்குப் பெருமை இல்லை.

நடந்த பிழை

2024 ஐப்பசியில் அப்பா காய்ச்சலில் படுத்திருந்தார். வண்டி ‘மிஸ்ஸிங்’ அடித்துக்கொண்டிருந்தது. அப்போது நான் முதலாமாண்டு மாணவன். பிளக்கை நானே மாற்றிவிடலாம் என்று துணிந்தேன். “பேனா பிடிக்கிற கையி, கிரீஸ்ல வைக்காதே” என்பது அப்பா எனக்கு எப்போதும் சொல்லும் சொல். அன்று அவருக்குத் தெரியாமல் வைத்தேன்.

முதல் இரண்டும் எளிதில் முடிந்தன. மூன்றாவது பிளக்கைத் துளை இருக்கும் இடத்தைக் குத்துமதிப்பாகப் பார்த்து ஸ்பேனரோடு நுழைத்துச் சுற்றினேன். இரண்டு சுற்றிலேயே இறுகியது. அழுக்கு அடைத்திருக்கும் என்று எண்ணினேன். ஸ்பேனர்க் கைப்பிடியில் ஒரு இரும்புக் குழாயைச் செருகி, நீளத்தைக் கூட்டி, பலங்கொண்டமட்டும் இழுத்தேன். ஏதோ ‘நொறுக்’ என்றது. பிளக் இளகிச் சுற்றத் தொடங்கியது. வெளியே எடுத்தபோது அதன் மரைகளுக்கிடையே வெள்ளையாக அலுமினியத் தூள் ஒட்டியிருந்தது. பிளக் கோணலாக ஏறி, என்ஜின் ஹெட்டின் மரையைச் சீவி எடுத்துவிட்டது.

ஹெட்டைக் கழற்றி, துளையைப் பெரிதாக்கி, உள்ளே புது மரைச் சுருள் வைத்துத் தரப் பட்டறையில் 4,600 ரூபாய் ஆயிற்று. நான்கு நாள் வாடகை போயிற்று. அந்தப் பருவத்துத் தேர்வுக் கட்டணத்தை அம்மா மகளிர் குழுவில் கடன் வாங்கிக் கட்டினார். அப்பா திட்டவில்லை. “மரை போனா போகுது. கை போகலையே” என்றார். திட்டியிருந்தால் நான் மறந்திருப்பேன்.

பிளக்கின் பணி

பெட்ரோல் என்ஜினின் சிலிண்டருக்குள் பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்த கலவை நுழைகிறது. பிஸ்டன் அதை அழுத்துகிறது. சரியான நொடியில் அக்கலவைக்கு ஒரு தீப்பொறி வேண்டும். அதைத் தருவதே ஸ்பார்க் பிளக். அதன் நடு மின்முனைக்கும் பக்க மின்முனைக்கும் இடையே ஏறத்தாழ 0.8 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். 10,000 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்னழுத்தம் அந்த இடைவெளியைத் தாண்டும்போது பொறி பறக்கிறது.

1860ஆம் ஆண்டிலேயே எத்தியென் லெனுவார் தமது வாயு என்ஜினில் மின்பொறியைப் பயன்படுத்தினார். 1902இல் ராபர்ட் பாஷின் நிறுவனத்தில் பணியாற்றிய காட்லோப் ஹோனோல்ட், உயர் மின்னழுத்த மேக்னெட்டோவையும் அதற்கேற்ற பிளக்கையும் உருவாக்கினார். அதன் பிறகே வேகமாகச் சுழலும் என்ஜின்களுக்கு நம்பத்தக்க பொறி கிடைத்தது.

பிளக்கில் மூன்று பொருள்கள் உள்ளன என்பதை நாம் நினைவில் வைக்க வேண்டும். வெளிக்கூடு எஃகு. வெள்ளையாகத் தெரிவது அலுமினா என்னும் பீங்கான். மின்சாரத்தைத் தடுப்பதில் சிறந்தது, ஆனால் பக்கவாட்டில் நெம்பினால் விரிசல் விடும். மூன்றாவது நடு மின்முனை உலோகம். இவை போய் உட்காரும் ஹெட்டோ பெரும்பாலும் அலுமினியம். எஃகு மரையும் அலுமினிய மரையும் மோதினால் தோற்பது அலுமினியந்தான். பிளக் 150 ரூபாய்ப் பொருள், ஹெட் அப்படியன்று. என் பிழை இந்த ஓர் உண்மையை அறியாததே.

முதலில் அளவு

மறுமுறை நான் ஸ்பேனரை எடுப்பதற்கு முன் தென்னை ஈர்க்கு ஒன்றை எடுத்தேன். பிளக் உட்காரும் இடத்திலிருந்து மேலே உள்ள தகடு வரை ஈர்க்கை நுழைத்து அளந்தேன்: 16 செ.மீ. உட்கார்ந்த பிளக்கின் உயரம் 5½ செ.மீ. ஆகவே பிளக்கின் தலைக்கு மேல் இருப்பது 10½ செ.மீ. மட்டுமே. கடையில் விற்கும் குழாய் வடிவ பிளக் ஸ்பேனரின் நீளமோ 14 செ.மீ. அதை நேராக இறக்கவே முடியாது. சாய்த்துத்தான் இறக்க முடியும். சாய்த்து இறக்கியதால்தான் என் பிளக் கோணலாக ஏறியது.

அடுத்து, கைப்பிடிக் கம்பியை எவ்வளவு தூரம் திருப்ப இடமிருக்கிறது என்று பார்த்தேன். ஏறத்தாழ 70 பாகை. அதற்குமேல் தகட்டில் இடிக்கும்.

இந்த அளவுகளைத் தாளில் எழுதிப் பார்த்தபோது, வேலை ஒன்றல்ல, இரண்டு என்பது விளங்கியது. மரையைப் பிடிக்கவைப்பது ஒரு வேலை. அதற்கு வலு வேண்டாம், உணர்வு வேண்டும். இறுக்குவது இன்னொரு வேலை. அதற்கு வலு வேண்டும், அளவும் வேண்டும். இரண்டையும் ஒரே ஸ்பேனரால் செய்ய முயன்றதே தவறு. ஆகவே இரண்டு உறுப்புகள் கொண்ட கருவி செய்தேன்.

முதல் உறுப்பு: ரப்பர்க் குழாய்

பெட்ரோல் செல்லும் ரப்பர்க் குழாய், உள்விட்டம் 6 மில்லிமீட்டர், 20 செ.மீ. நீளம் வாங்கிக்கொள்ள வேண்டும். 6 மில்லிமீட்டர் கனமுள்ள 25 செ.மீ. இரும்புக் கம்பி ஒன்றை அதன் ஒரு முனையில் 5 செ.மீ. ஆழம் செருகி, மெல்லிய கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்ட வேண்டும். மறுமுனையைப் பிளக்கின் தலையிலுள்ள குமிழ் நட்டின்மேல் அழுத்தினால் கவ்விக்கொள்ளும். அவ்வளவுதான்.

நடுவில் மிஞ்சும் குழாய் வளையும். ஆகவே பக்கவாட்டு வழியிலிருந்து கம்பியைச் சுற்றினால், உள்ளே பிளக் நேராக நின்று சுற்றும். இது முதல் நன்மை.

இரண்டாவது நன்மைதான் பெரிது. மரை சரியாகப் பிடித்தால் பிளக் தடையின்றி இறங்கும். கோணலாகப் பிடித்தால் தடை கூடும். அத்தடை, ரப்பருக்கும் குமிழுக்கும் இடையிலுள்ள உராய்வைவிட மிகும்போது குழாய் வழுக்கிவிடும், பிளக் நின்றுவிடும். நாம் எவ்வளவு முயன்றாலும் இந்தக் குழாயால் மரையைக் கெடுக்க முடியாது. எஃகு ஸ்பேனருக்கு இந்த நல்ல குணம் இல்லை.

கம்பியின் வெளிமுனையைக் கைப்பிடிபோல் வளைக்கக் கூடாது. நானும் முதலில் வளைத்தேன், பிறகு நிமிர்த்திவிட்டேன். வளைத்தால் கைக்கு வலு கூடும், உணர்வு குறையும். நேர்க்கம்பியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே உருட்டுவதே சரி.

இரண்டாவது உறுப்பு: குட்டை ஸ்பேனர்

21 மில்லிமீட்டர் குழாய் ஸ்பேனர் ஒன்றை 120 ரூபாய்க்கு வாங்கினேன். அறுகோண வாயுள்ள ஒரு முனையை வைத்துக்கொண்டு, மொத்த நீளம் 9½ செ.மீ. இருக்கும்படி ஆக்ஸா பிளேடால் அறுத்து, பிசிறை அரத்தால் தேய்த்தேன். இப்போது அது பிளக்கின் தலைக்கு மேல் நேராக நின்று, நேராக இறங்கும்.

இனி கைப்பிடிக் கம்பிக்குத் துளை. கடை ஸ்பேனரில் எதிரெதிராகத் துளைகள் இருக்கும். ஒரே ஒரு சோடித் துளை இருந்தால், கம்பியை உருவி மறுபடி செருக ஸ்பேனர் அரைச் சுற்று, அதாவது 180 பாகை, சுற்றியாக வேண்டும். எனக்கு இருப்பதோ 70 பாகை. என்ன செய்வது?

விடை ஸ்பேனரின் வாயிலேயே இருந்தது. அறுகோணத்துக்கு ஆறு மூலைகள். அடுத்தடுத்த மூலைகளுக்கு இடையே மையத்தில் 60 பாகை. ஒவ்வொரு மூலையிலிருந்தும் குழாயின் மேல்நோக்கி ஓர் ஆணியால் நேர்கோடு கீறினேன். ஒன்றாம் மூலைக்கும் நான்காம் மூலைக்கும் எதிரெதிராக ஒரு சோடித் துளை. இரண்டுக்கும் ஐந்துக்கும் ஒரு சோடி. மூன்றுக்கும் ஆறுக்கும் ஒரு சோடி. மூன்று சோடிகளையும் ஒரே உயரத்தில் இட்டால் குழாய் வலுவிழக்கும். ஆகவே வாய் முனையிலிருந்து 6.5, 7.6, 8.7 செ.மீ. என மூன்று உயரங்களில் இட்டேன். வெல்டிங் பட்டறை அண்ணன் 60 ரூபாய் வாங்கிக்கொண்டு, 8 மில்லிமீட்டர் கம்பி தாராளமாக நுழையும்படி துளைத்துக் கொடுத்தார்.

இப்போது கம்பியை ஒரு சோடியில் செருகி 60 பாகை திருப்பலாம்; உருவி, அடுத்த சோடியில் செருகி மீண்டும் 60 பாகை திருப்பலாம். ஸ்பேனரைப் பிளக்கிலிருந்து எடுக்கவே வேண்டியதில்லை. ஆறு இழுப்பு ஒரு முழுச் சுற்று.

கடைசியாக, பழைய சைக்கிள் டியூபில் ஒரு பட்டை வெட்டி, வாயிலிருந்து மூன்று செ.மீ. உள்ளே வளையமாக ஒட்டினேன். இது பீங்கானைச் சுற்றி மென்மையாகப் பிடித்து, ஸ்பேனர் சாயாமல் காக்கும். இதை ஒட்டாமல் செய்த முதல் சோதனையில் ஸ்பேனர் சாய்ந்து ஒரு பிளக்கின் பீங்கான் விரிசல் விட்டது. நல்ல வேளை, அது கழித்துப்போட்ட பழைய பிளக்.

சாய்வதன் காரணத்தை நம் பாடத்திலேயே காணலாம். கம்பியின் இருபுறமும் சமமாக, எதிரெதிர்த் திசையில் தள்ளினால் அது ‘இரட்டை’. அது சுழற்ற மட்டுமே செய்யும். ஒருபுறம் மட்டும் இழுத்தால் சுழற்சியோடு பக்கவாட்டுத் தள்ளலும் சேர்ந்துகொள்ளும். ஒரு கை மட்டுமே நுழையும் இடத்தில் இரட்டைக்கு இடமில்லை. ஆகவே இழுக்கும் கையின் கட்டைவிரலை ஸ்பேனரின் உச்சியில் ஊன்றிக்கொண்டு, மற்ற விரல்களால் கம்பியை இழுக்க வேண்டும். கட்டைவிரல் அந்தப் பக்கவாட்டுத் தள்ளலை ஏற்றுக்கொள்ளும்.

பயன்படுத்தும் முறை

என்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். ஒரு பாகை செல்சியஸ் வெப்பம் ஏறினால் அலுமினியம் பத்து இலட்சத்தில் சுமார் 23 பங்கு நீளும். எஃகு சுமார் 12 பங்குதான் நீளும். சூடான ஹெட்டில் குளிர்ந்த பிளக்கை இறுக்கினால், ஆறியபின் அலுமினியம் அதிகம் சுருங்கிப் பிளக்கை நெரித்துப் பிடித்துக்கொள்ளும். சூட்டில் அலுமினிய மரை எளிதில் கெடவும் செய்யும்.

சாவியை எடுத்துவிட்டுப் பிளக் கம்பிகளில் 1, 2, 3 எனக் குறியிட வேண்டும்; மாற்றிப் போட்டால் என்ஜின் ஒழுங்காக ஓடாது. கழற்றும்போது மூடியைப் பிடித்து இழுக்க வேண்டும், கம்பியைப் பிடித்து அல்ல. குட்டை ஸ்பேனரால் பிளக்கைச் சிறிது இளக்கியபின், சைக்கிள் பம்பால் சுற்றிலும் காற்றடித்து மண்ணைப் போக்க வேண்டும். இல்லையேல் அந்த மண் சிலிண்டருக்குள் விழும். பிறகு ரப்பர்க் குழாயால் சுற்றி வெளியே எடுக்கலாம்.

எடுத்த பிளக்கின் முனையைப் பார்ப்பது நல்லது. இளம் பழுப்பு நிறம் நலம். உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி. எண்ணெய்ப் பசையோடு கறுத்திருந்தால் என்ஜின் ஆயில் உள்ளே புகுகிறது. வெளுத்து வெந்ததுபோல் இருந்தால் சூடு மிகுதி.

புதுப் பிளக்கின் இடைவெளியைச் சரிபார்த்து, ரப்பர்க் குழாயில் மாட்டித் துளையில் வைக்க வேண்டும். முதலில் இடப்பக்கமாக, அதாவது கழற்றும் திசையில், மெல்ல உருட்ட வேண்டும். மரையின் தொடக்கங்கள் சந்திக்கும் இடத்தில் பிளக் ‘டிக்’ என்று சற்றே இறங்கும்; விரலுக்குத் தெரியும். அங்கிருந்து வலப்பக்கம் உருட்ட வேண்டும். எங்கள் வண்டியின் பிளக்கில் மரையின் நீளம் 19 மில்லிமீட்டர். மரையின் இடைத்தூரம் 1.25 மில்லிமீட்டர். 19ஐ 1.25ஆல் வகுத்தால் 15.2. ஆகவே ஏறத்தாழ 15 சுற்றுகள் தடையில்லாமல் இறங்க வேண்டும். இரண்டு மூன்று சுற்றிலேயே நின்றால் கோணல் என்று பொருள். கழற்றி மறுபடி தொடங்க வேண்டும். அன்று இரண்டாம் சுற்றில் இறுகியபோது இந்த வகுத்தல் எனக்குத் தெரிந்திருந்தால் 4,600 ரூபாய் மிஞ்சியிருக்கும்.

குழாய் வழுக்கத் தொடங்கியதும் குட்டை ஸ்பேனரை இறக்க வேண்டும். வாஷர் உள்ள புதுப் பிளக்கைக் கையிறுக்கத்துக்குப் பின் அரைச் சுற்று முதல் மூன்றில் இரண்டு பங்கு சுற்று வரை திருப்பினால் போதும். நம் ஸ்பேனரில் அது மூன்று அல்லது நான்கு இழுப்பு. முன்பே போட்டுக் கழற்றிய பிளக்கானால் வாஷர் ஏற்கெனவே நசுங்கியிருக்கும். பன்னிரண்டில் ஒரு பங்கு சுற்று, அதாவது அரை இழுப்பு போதும். மரையில் எண்ணெய் தடவக் கூடாது. உராய்வு குறைந்து, நாம் அறியாமலே அளவுக்கு மேல் இறுகிவிடும்.

இந்தக் கணக்குச் சரிதானா என்று, இடம் தாராளமாயுள்ள முதல் பிளக்கில் சோதித்தேன். மையத்திலிருந்து 20 செ.மீ. தூரத்தில் கம்பியின் முனையில், அப்பா காய்கறி நிறுக்கும் சுருள்வில் தராசின் கொக்கியை மாட்டி இழுத்தேன். நான்காவது இழுப்பின் முடிவில் முள் 12 கிலோவைக் காட்டியது. 12ஐ 9.8ஆல் பெருக்கி, 0.2 மீட்டரால் பெருக்கினால் திருப்புத்திறன் 23.5 நியூட்டன் மீட்டர். அலுமினிய ஹெட்டில் வாஷருள்ள 14 மில்லிமீட்டர் பிளக்கிற்கு 20 முதல் 30 வரை தகும். அன்று குழாய் செருகி நான் இழுத்தது இதைப்போல் எத்தனை மடங்கோ!

நண்பர்கள் தம் பைக்கில் இதைச் செய்வதானால் அளவைப் பார்த்துச் செய்ய வேண்டும். பல பைக்குகளில் பிளக்கின் மரை 10 மில்லிமீட்டர். ஸ்பேனர் 16 மில்லிமீட்டர். அதற்கு 10 முதல் 12 நியூட்டன் மீட்டரே போதும். அதாவது பாதி வலு.

அப்பாவின் திருத்தம்

கருவியை அப்பாவிடம் காட்டத் தயங்கினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிளக் மாற்றும் வேளை வந்தது. “அப்பா, இதை ஒருதரம் போட்டுப் பாருங்க” என்று நீட்டினேன். ரப்பர்க் குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளே விட்டு உருட்டினார். வேண்டுமென்றே கோணலாக வைத்து உருட்டினார். குழாய் வழுக்கியது. “இது கூச்சம் தெரிஞ்ச சாமான்டா” என்றார். பதினைந்து வருடமாக வளைந்த ஸ்பேனர் ஒன்றைக் கொண்டு, கண்ணால் பாராமல், புறங்கையைக் கீறிக்கொண்டு அந்த மூன்றாவது பிளக்கை மாற்றி வந்தவர் அவர். ஒருமுறைகூட மரையைக் கெடுத்ததில்லை. நான் குழாய்க்குக் கொடுத்த உணர்வு அவர் விரலிலேயே இருந்தது.

மறுவாரம் பார்த்தபோது கம்பியின் பக்கத்தில் அரத்தால் ஒரு சிறு பள்ளம் இட்டிருந்தார். காரணம் கேட்டேன். “நீ பகல்ல எண்ணுவே. எனக்கு வண்டி நிக்கிறது ராத்திரி மூணு மணிக்கு, ரோட்டோரத்துல. பள்ளம் விரல்ல பட்டா ஒரு சுத்து” என்றார். பதினைந்து என்ற எண் என்னுடையது. அதை இருட்டில் எண்ணும் வழி அவருடையது. அன்று மூன்றாவது பிளக்கின் கடைசி நான்கு இழுப்பை என்னை இழுக்கச் சொல்லிவிட்டு, டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். கிரீஸைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

டீசல் வண்டிக்கு ஸ்பார்க் பிளக் இல்லை. மின்சார வண்டிக்கும் இல்லை. எங்கள் வேன் ஓய்வுபெறும் நாளில் இக்கருவியும் பழைய இரும்புக் கடைக்குப் போகலாம். ஆனாலும் மாணவ நண்பர்களே, பதறாத காரியம் சிதறாது என்று நம் பெரியவர்கள் சொன்னதற்கு என் வரையில் இதுவே உரை: இறுகினால் இன்னும் இழுக்காதே, நிறுத்து, கழற்று, ஏன் இறுகியது என்று பார். திருப்புத்திறனை வகுப்பில் கரும்பலகையில் கற்றேன். ஆனால் எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பதை எங்கள் வீட்டு வாசலில், ஐந்தாம் வகுப்புப் படித்த ஒருவரிடம் கற்றேன். இரண்டும் சேர்ந்தபோதுதான் மூன்றாவது பிளக் கைக்கு எட்டியது.